மேக்குக்குத் தனி அலங்காரம்

2004 அக்டோபர் 11, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. மட்டாஞ்சேரியில் மழை இல்லை, மூட்டமும் புழுக்கமும்தான். இன்டர்நெட் கபேயில் உட்கார்ந்து ஒரு ஜெர்மன் ஆசிரியையின் மின்னஞ்சலைப் படித்தேன். அவளுக்கும் தோழிக்கும் ஜனவரி முழுக்க எங்கள் மாடியறைகள் இரண்டும் வேண்டுமாம். ஆனால் எங்கள் வலைத்தளத்தில் வீட்டின் படம் முன்பதிவுப் படிவத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தேதியை எங்கே எழுதுவது என்று கேட்டிருந்தாள்.

ஓய்வுப் பணத்தில் கட்டிய அறைகள். ஏழு மாதமாக அவற்றில் தங்கியவை புறாக்கள் மட்டும்.

வலைத்தளத்தைச் செய்தவன் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உறவுக்கார இளைஞன். ஆறாயிரம் வாங்கியிருந்தான். அதில் மூன்று அலங்கார ஃபைல்கள் அடக்கம். பக்கம் ஒன்றுதான், பார்க்கிறவரின் பிரவுசருக்கு ஏற்ப அது உடை மாற்றிக்கொண்டு வரும். போனில் கூப்பிட்டேன்.

"அவா ஆப்பிள் கம்பெனியோட மேக் கம்ப்யூட்டர்ல பாத்திருப்பா மாமா. அதுக்குத் தனியா ஒண்ணு எழுதணும். எழுநூத்தம்பது ஆகும்."

"நீ மேக்கைப் பாத்திருக்கியோ?"

"படத்துல பாத்திருக்கேன்."

வீட்டில் சொன்னபோது மனைவி அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஏன்னா, வாங்கோன்னு ஒரு வரி பதில் போட்டா போறாதா? அந்தப் பாரத்துல என்ன அமிர்தமா இருக்கு?"

படிவம் வழியாக வந்தால்தான் வரிசை எண் விழும். முதல் விருந்தாளியே எண்ணில்லாமல் வந்தால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? ஒரு வாரம் பொறுக்கும்படி ஆசிரியைக்கு எழுதிவிட்டு, மேக் தேடினோம். காயலுக்கு அக்கரையில், பிராட்வே தெருவில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. சனிக்கிழமை, வீட்டுக்கு வந்த இளைஞனும் நானும் படகேறினோம். போகவர, இருவருக்குமாகப் பத்து ரூபாய்.

அச்சகத்துச் சேட்டன் உறையை விலக்கி அதைக் காட்டினார். "நோக்கிக்கோ. தொடண்டா. அரை மணிக்கு இருநூறு."

தொடக்கூடாது என்றாலும் இளைஞன் தொட்டான். படத்தைப் பதினான்கு புள்ளி கீழே தள்ளினான், ஆறு புள்ளி மேலே ஏற்றினான். இருபத்தெட்டாவது நிமிடம் படிவம் வெளியே வந்தது. அந்த மேக்கில் பார்த்தால் என் வீடு அரண்மனை.

செவ்வாயன்று ஜெர்மனியிலிருந்து பதில்: இப்போது படிவம் மட்டுமல்ல, அனுப்பும் பொத்தானும் காணோம்.

"மெஷீன் அதேதான் மாமா. பிரவுசர் வேற. அச்சாபீஸ்ல இருக்கறது பழசு, அவாளோடது புதுசு. நான் எல்லா மேக்குக்கும் சேத்துப் போட்டுட்டேன். இனி பிரவுசரைப் பாத்து இன்னொண்ணு போடணும்."

ஐந்தாவது ஃபைல், இன்னொரு எழுநூற்றைம்பது. ஒரு சின்ன மாடி வீட்டுக்கு ஐந்து அலங்காரம். எங்கள் கோயில் சாமிக்கே வருஷத்தில் மூன்றுதான். 'இப்போது முயன்று பாருங்கள்' என்று அவளுக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை.

ஜனவரியில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் இரண்டு வெள்ளைக்காரிகள் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பேசிப் பார்த்தால், ஒருத்தி அந்த ஆசிரியை. "உங்கள் படிவம் திறக்கவே இல்லை, இடமில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றாள். தெருவில் வரும்போது அந்த வீட்டுப் பலகை கண்ணில் பட்டதாம். தகரப் பலகை. 'ரூம் உண்டு' என்று ஆங்கிலத்தில், எழுத்து சற்றுக் கோணல்.

அன்றே இளைஞனை வரவழைத்து ஐந்து அலங்காரத்தையும் எடுக்கச் சொன்னேன். எடுத்தான். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, போன் நம்பர்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இப்போ எல்லா மெஷீன்லயும் ஒரே மாதிரி தரித்திரமா இருக்கும்."

"கூலி ஆயிரத்தைந்நூறு மாமா" என்றான் அவன்.

"அழிக்கறதுக்கா?"

"போடறது சுளுவு. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு சரியும், எல்லாத்தையும் பாத்துப் பாத்து எடுக்கணும்."

கபேயில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்த இருநூற்றிருபதையும் சேர்த்தால், ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.