மூன்று காருக்கு ஒரு சங்கிலி

காலை எட்டு பத்து. வாசல் கூண்டின் கண்ணாடி வழியாக முதலில் தெரிந்தது, பெரிய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றின் முன் இருக்கையில் ஒருவர் மடியில் வைத்திருந்த அரிசிப் பை.

மெல்பேர்னுக்கு வெளியே ஒரு மலைப் பூங்காவில் நான் ரேஞ்சர். கோடையில் சைக்கிள்காரர்களுக்கு வழி சொல்வேன், நடைபாதையில் விழுந்த மரங்களை அகற்றுவேன். பனிக்காலத்தில் வாசலில் நின்று, ஒவ்வொரு காரிலும் டயருக்குப் போடும் பனிச்சங்கிலி இருக்கிறதா என்று பார்ப்பேன். சங்கிலி இல்லாத கார் மேலே போக முடியாது.

அரிசிப் பைக்குள் சங்கிலி இருந்தது. காரை ஓட்டிவந்த ரவி என் பெயர் அட்டையைப் படித்தார்.

"அக்கா தமிழோ? எந்த இடம்?"

"மல்கிரேவ்."

"அதுக்கு முதல்?"

"செவன் ஹில்ஸ்." அவர் கேட்டது ஊரை; நான் சொன்னது ஆஸ்திரேலியாவில் குடியிருந்த இடங்களை.

அவர் மேலே வளைவைத் தாண்டிப் போய்விட்டார். நான் கூண்டுக்குள் போய்ப் பதிவெழுதிவிட்டு வந்தேன். அடுத்த காரிலும் அதே மாதிரி அரிசிப் பை, அதே நீலக் கயிறு. ஒரே கடையில் அரிசி வாங்குகிறவர்கள் என்று நினைத்தேன்.

மூன்றாவது, ஒரு சின்னக் கார். பை இல்லை. ஓட்டிவந்த குகன், "ஒரு நிமிசம் அக்கா, வருது" என்றார்.

வந்தது. மேலே வளைவிலிருந்து ரவி பையோடு ஓடிவந்தார். கூண்டுக்கு முன்னால் ஈரத் தரையில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். சங்கிலி வெளியே சிதறியது.

"மூண்டு காருக்கும் ஒண்டா?" என்றேன்.

"காட்டத்தானே அக்கா? போடவா போறம்?" என்றார், படுத்தபடியே.

அப்போதுதான் ரேடியோவில் தகவல் வந்தது. மேலே பாலத்தைத் தாண்டிச் சாலை உறைந்துவிட்டது, இனிச் சங்கிலி பூட்டிய கார்களை மட்டும் விட வேண்டும். வளைவில் நின்ற இரண்டு கார்களையும் திருப்பிக் கூப்பிட்டேன்.

குகனின் அம்மா பின் கண்ணாடியை இறக்கினார். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர்.

"பிள்ளை, எனக்கு நாளைக்குப் பிளேன். ஸ்னோ பாத்திட்டன் எண்டு ஊரில எல்லாருக்கும் போன கிழமையே சொல்லிப்போட்டன். இப்ப திருப்பி விட்டியளெண்டா நான் பொய்க்காரியாப் போயிடுவன்."

"சங்கிலி பொருந்துற கார் மட்டும் போகலாம் அன்ரி."

ரவி தன் டயரில் போட்டுப் பார்த்தார். பாதி கூடச் சுற்றவில்லை. இரண்டாவது காருக்கும் சரிவரவில்லை. சங்கிலியை வாடகைக்கு எடுக்கக் கடைக்குள் போனவர் குகன்; கடைக்காரர் டயர் அளவு கேட்டபோது தன் காரின் அளவைச் சொல்லியிருக்கிறார்.

குகன் ஈரச் சேற்றில் படுத்தார். நான் கொக்கி மாட்டும் முறையைக் காட்டினேன்.

"கவனம் பிள்ளை, உவனுக்குச் சைக்கிள் செயினே போடத் தெரியாது" என்றார் அம்மா.

"அம்மா, சும்மா இருங்கோ."

"நான் சும்மாதான் இருக்கிறன். நீதான் படுத்திருக்கிறாய்."

பூட்டி முடித்ததும் சின்னக் கார் மெதுவாக ஏறியது. மற்ற இரண்டு குடும்பமும் வாசல் கார்ப் பார்க்கில் நின்று கைகாட்டின. "அன்ரி, எங்களுக்கும் சேத்துப் பாருங்கோ!" என்று கத்தினார் ரவி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பைக்குள் பார்த்தால் போதாது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவையும் படியுங்கள்.

மதியம் ரவியின் ஃபோனுக்குப் படம் வந்தது. அம்மா கணுக்கால் புதையப் பனியில் நின்றார். மூன்று குடும்பத்துக்கும் சமைத்த சாப்பாடு மேலே போன அந்தச் சின்னக் காரின் டிக்கியில் இருந்தது.