வெள்ளம் நின்ற கோடு

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் எங்கள் தீவை இப்போது யாரும் தீவு என்று சொல்வதில்லை. ஓடையைத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். போடட்டும். மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது நாங்கள் இன்றும் "கரைக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறோம்.

பெருவெள்ளத்தில் ஆறு எங்களை மறுபடியும் தீவாக்கியது. தண்ணீர் வடிந்த பிறகு எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு பழுப்புக் கோடு தங்கிவிட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுவோம். எங்களுக்கு மியூசியம் கிடையாது. ஊரைப் பற்றி யார் கேட்டாலும் அந்தக் கோட்டைக் காட்டித்தான் பேச்சையே தொடங்குவோம்.

போன வருடம், ஊரை அழகுபடுத்துகிறோம் என்று வந்தவர்கள், நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாச் சுவரிலும் நீல பெயின்ட் அடித்து மீன் படம் வரைந்துவிட்டார்கள். கோடு போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மீன் விற்றுவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா கூடையை இறக்கி வைத்தாள். சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

"எனக்குக் கழுத்து வரைக்கும் வந்துச்சு. இங்க கோடு போடு."

கரித்துண்டால் போட்டேன். எதிர்வீட்டு நெட்டைக்காரர் வந்து நின்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இரண்டு கோடும் ஒரே மட்டம். மாலைக்குள் மீன்களின் குறுக்கே சந்து முழுக்கக் கோடு ஓடியது.

மறுநாள் பெயின்ட் மேஸ்திரி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது? திரும்பவும் பெயின்ட் அடிச்சிடுவோம், தெரியும்ல?"

"அடி நைனா," என்றாள் அக்கா. "எங்க கழுத்து இங்கதான கீது."