அம்மாவின் பிக்கப்பில் பூட்டிய ரேடியோ

எங்கள் அம்மா இரண்டு வருடங்கள், கிறிஸ்மஸுக்கு விற்கிற நத்தார் மரத் தோட்டமொன்றில் பிக்கப் ஓட்டினார். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் அம்மாக்களில் சிலர் தைக்கிற பக்டரிக்குப் போனார்கள், பலர் வயோதிபர் இல்லங்களில் வேலை செய்தார்கள். வேலிக் கட்டைகளை ஏற்றிய பிக்கப்பைச் சேற்றுப் பாதையில் பின்னுக்கு எடுத்துத் திருப்புகிறவர் அம்மா ஒருவர்தான். கோயிலில் யாராவது அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் அப்பா முந்திக்கொண்டு, "அது இப்போதைக்குத்தான்" என்பார். அம்மா பூத்தட்டைச் சரிசெய்வார்.

எனக்குப் பத்து வயதாக இருந்த குளிர்காலத்தில் ஒருநாள் பிக்கப் பனியில் புதைந்துவிட்டது. தோட்டம் பள்ளத்துக்குள் கிடந்ததால் கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யாது. அம்மா ஒரு மணித்தியாலம் நடந்து பெரிய ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்று வீட்டில் அப்பா அவருடைய கால்களை இளஞ்சூட்டுத் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"காணும். இந்த வேலையை விட்டிடும்" என்றார்.

"வாகனங்களுக்கு ரேடியோ பூட்டப் போகினமாம்" என்றார் அம்மா. "பூட்டினாப் பிறகு ஒருக்கா வந்து பாருங்கோ. அப்பவும் உங்களுக்கு மனம் கேக்காட்டி, நான் விடுறன்."

அது சி.பி. ரேடியோ. ஒரு வாகனத்தில் இருப்பவர் மைக்கை அமத்திக் கதைத்தால், சில கிலோமீற்றருக்குள் இருக்கிற மற்ற வாகனங்களுக்குக் கேட்கும். தோட்டத்தில் வாகனம் திருத்துகிற டேனிஷ்காரர் ஏற்கெனவே ஒரு வண்டியில் பூட்டியிருந்தார். ஒற்றை ஆணியில் பெட்டி ஆடிக்கொண்டிருக்க, வயர்கள் மிதிகட்டைகளுக்கு மேலால் தொங்கினவாம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதைத் தானே பூட்டுவதாகச் சொல்லி, சனிக்கிழமை பிக்கப்பையும் பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"கிளச் மிதிக்கேக்க வயர் காலிலை சுத்தினா என்ன செய்யிறது?" என்றார் என்னிடம். நான் வழக்கம்போல் டேனிஷில் "தெரியாது" என்றேன். அந்த நாள் முழுவதும் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அந்த ஒரு தரம்தான். மற்ற நேரமும் சொல்லியிருக்கலாம்.

அம்மா முதலில் ரேடியோவைத் தொடவேயில்லை. சப்பாத்துப் பெட்டி மட்டையை ரேடியோவின் அளவுக்கு வெட்டி, வண்டிக்குள் இருந்து அங்குமிங்கும் வைத்துப் பார்த்தார். இங்கே வைத்தால் முழங்கால் முட்டும், அங்கே வைத்தால் கியர் போட முடியாது. கடைசியில் டாஷ்போர்டுக்குக் கீழே, நடுவிலிருந்து கொஞ்சம் தன் பக்கமாக இடம் பிடித்தார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மைக்கை எடுக்க முடிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் கையை நீட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து, என் அம்மாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டார்.

அன்ரெனாவைக் கூரையின் நட்டநடுவில் வைத்து, அதன் கேபிளைக் கதவு நசுக்காதபடி கதவோரத்து இறப்பருக்கு உள்ளால் ஒளித்துக் கொண்டுபோனார். அவர் முன்பு தையல் பக்டரியில் வேலை செய்தவர். உள்மடிப்பில் நூல் தெரியக்கூடாது என்கிற அதே பிடிவாதம் வயரிலும் இருந்தது.

பிறகு மின்சாரம். எனக்கு உத்தியோகம் கிடைத்தது அங்கேதான். கையேடு டேனிஷில் இருந்தது. அம்மாவுக்கு வேலைத்தள டேனிஷ் வரும், புத்தக டேனிஷ் வராது. நான் வகுப்பில் நன்றாக வாசிக்கிறவள். ஓட்டுநர் இருக்கையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, நான் வாசித்து வாசித்துச் சொல்ல, அம்மா செய்தார். அவருக்கு நான் அவ்வளவு தேவைப்பட்டது எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

பற்றரியிலிருந்து வருகிற சிவப்பு வயரின் நடுவில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கூடு இருந்தது. இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டில் வயர் போகிற ஓட்டைக்குள் அது நுழையவில்லை.

"இந்த முட்டு ஏன்? வெட்டி எடுக்கலாமோ? புத்தகத்தைப் பார்" என்றார் அம்மா.

பார்த்தேன். 'சிக்ரிங்' பற்றரிக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஆனால் பாதுகாப்பு என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லுகிற சொல் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

"பாதுகாப்பு பற்றரிக்குக் கிட்ட இருக்க வேணுமாம்" என்றேன்.

"ஓம், அது சரிதானே. கவனமாத்தான் செய்யவேணும்" என்றார் அம்மா. கறுப்புக் கூட்டை வெட்டி எறிந்தார். வயரை முறுக்கிச் சேர்த்து, மூன்று சுற்று வயர் ஒட்டுகிற ரேப் ஒட்டினார். பாதுகாப்பு பற்றரிக்குக் கிட்ட வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் இன்னும் இரண்டு சுற்று ஒட்டினார். ஆடக்கூடாது என்று, பற்றரியை இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டைக்குக் கீழே வயரைச் செருகி முறுக்கினார். பார்க்க அவ்வளவு வடிவாக இருந்தது.

பெப்ரவரி விடுமுறையில் என்னைத் தன்னோடு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். குளிரில் கெட்டியாகிப்போன தடத்தில் பிக்கப் குலுங்கிக்கொண்டு போனது. பாதி வழியில் எரிந்த பிளாஸ்டிக் மணம் வந்தது. இயந்திரத்தை மூடுகிற பொனற்றின் ஓரத்தால் புகை கிளம்பியது.

அம்மா வண்டியை நிற்பாட்டி, என்னுடைய பெல்ற்றைக் கழற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடினார். "இதிலை நில்! அசையாதை!" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினார். பொனற்றைத் திறந்தபோது புகை அவருடைய முகத்தை மறைத்தது. அவர் தோல் கையுறையோடு சிவப்பு வயரைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்தார். ஒருதரம் வழுக்கியது. நான் "அம்மா" என்று தமிழில் கத்தினேன். இரண்டாம் தரம் வயர் கழன்று வந்தது. கையுறையில் ஒரு கறுத்த கோடு விழுந்திருந்தது. உள்ளங்கையிலும் விழுந்திருந்தது, அதை நான் அடுத்தநாள்தான் கண்டேன்.

புகையைக் கண்டு திருத்துகிறவர் மற்ற வண்டியில் வந்தார். குனிந்து பார்த்தார். இரும்புப் பட்டை ரேப்பைத் தேய்த்து அறுத்து, உள்ளே இருந்த வெறும் கம்பியில் முட்டியிருந்தது. அவர் நிமிர்ந்து, 'சிக்ரிங்' எங்கே என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். திருத்துகிறவர் தன் வண்டியிலிருந்து சிறிய பிளாஸ்டிக் துண்டொன்றை எடுத்துவந்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பியைக் காட்டினார். வயரில் ஏதும் பிழைத்தால் முதலில் இதுதான் உருகி மின்சாரத்தை நிறுத்தும் என்றார்.

"பியூஸ்" என்றார் அம்மா மெதுவாக. "ஐயோ, பியூஸ்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா ஒரு அடி முன்னால் வந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று, தன் வேலைத்தள டேனிஷில் சொன்னார்: என் பிழை, நான்தான் வெட்டினேன்.

திரும்பி வரும்போது, வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கையில் அம்மா சொன்னார்: "அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம். என்ன?"

"ஓம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து செய்தார். புது வயர், பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ், தகட்டு ஓட்டைக்கு இறப்பர் வளையம். கையேட்டை மறுபடியும் என்னிடமே தந்தார். நான் இரண்டு தரம் ஒரு சொல்லில் நின்று, தெரியாது என்றேன். அந்த இரண்டு தரமும் அம்மா திருத்துகிறவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அப்பா தோட்டத்துக்கு வந்து பார்த்தார். பிக்கப்பில் இரண்டே இருக்கைகள் என்பதால், நிற்கிற வண்டியில் நான் பின்தட்டில் ஏறி, திறந்திருந்த சின்ன யன்னலுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு வயர்களைத் தடவிப் பார்த்தார். தொங்குகிற வயர் ஒன்றும் அகப்படவில்லை.

"வடிவாப் பூட்டியிருக்கிறீர்" என்றார். "ஒரு பிரச்சினையும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை" என்றார் அம்மா.

அப்போது ரேடியோ கரகரத்தது. யாரோ ஒரு டேனிஷ்காரர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அம்மாவின் பெயர் என்று பிடிபட எனக்குச் சற்று நேரம் எடுத்தது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா பார்க்காமலே மைக்கை எடுத்து ஏதோ பதில் சொன்னார். அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த வேலையை விடச்சொல்லி அவர் கேட்கவேயில்லை. அடுத்த வருடம் தோட்டம் விற்கப்படும்வரை அம்மா பிக்கப் ஓட்டினார்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அப்பாவிடம் இன்றுவரை மூச்சுவிடவில்லை. எனக்கு ஏச்சு விழக்கூடாது என்பதற்காகவே அம்மா அப்பாவிடம் 'ஒண்டும் இல்லை' என்று பொய் சொன்னார் என்று நினைத்து, வளர்ந்து நானும் ஒரு வேலைக்குப் போகிறவரைக்கும், என்னைப்போல் செல்லம் கிடைத்த பிள்ளை உலகத்தில் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.