வயிறு தள்ளிய சுவர்

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். கொல்லிமலை அரியூர் நாட்டில் நாங்கள் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மண்சுவரை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு படை வைத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதன்மேல் அடுத்த படை வைக்க வேண்டும். மழைக்குள் கூரை போட்டுவிடும் அவசரம் எனக்கு. என் வீட்டுக்காரர் செம்மேட்டுச் சந்தைக்குப் போன அன்று, ஈரப் படையின் மேலேயே இன்னொன்றை ஏற்றிவிட்டேன்.

பாரம் தாங்காமல் கீழ்ப்படை பிதுங்கியது. சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. அப்போதே இடித்திருக்க வேண்டும். அவருடைய திட்டுக்குப் பயந்து, வயிற்றுக்கு மேலும் கீழும் மண் அப்பி, நேராகத் தெரியும்படி மெழுகிவிட்டேன்.

முதல் மழையிலேயே சுவர் சரிந்தது. அந்தப் பக்கம் ஆடு கட்டிக்கொண்டிருந்த என் கொழுந்தன் மனைவி வள்ளியின் கால் அதனடியில் சிக்கி நொறுங்கியது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் அவளைப் பார்க்கப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மேல கோவமுங்களாக்கா? அங்க ஆட்டைக் கட்டியிருக்கக் கூடாதுங்க. அதுங்க ஒரசி ஒரசித்தான் உங்க செவுரு உளுந்திருச்சு."



"உடு கண்ணு. போனாப் போவுது," என்றேன்.

மறுபடி சுவர் வைத்தபோது, விந்தி விந்தி வந்து தண்ணீர் சுமந்தாள். நான் அவளை மன்னித்துவிட்டதாகவே சாகும்வரை நம்பினாள்.