கையெழுத்துக் கேட்டவர்

திருவொற்றியூரில் நான் சி என்ற கணினி மொழி கற்றுத்தந்த மாலை வகுப்புக்கு, மணலியில் ஓர் ஆலையின் கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் முடித்துவிட்டு ஒரு பெண் வருவார். நாற்பது வயதிருக்கும். சேஃப்டி ஷூவோடுதான் உட்காருவார். எதைத் தொடங்கினாலும் முதலில் நோட்டில் நேரத்தை எழுதுவார்.

அன்று பாயின்டர் பாடம்; கணினி நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்துக்கொள்வதுதான் பாயின்டர். ஒரே வரியில் இரண்டு பெயர்களை எழுதி, முதல் பெயருக்கு மட்டும் நட்சத்திரக் குறி போட்டிருந்தார். அப்படி எழுதினால் முதலாவது மட்டுமே பாயின்டர். இரண்டாவது வெறும் எண். அதற்குள் ஒரு முகவரியைத் திணித்திருந்தார்.

"சார், வூட்டு லேப்டாப்புல இதுக்கு வார்னிங் வந்துச்சி. இங்க ஏன் வரல?"

"பசங்க பயப்படறாங்கன்னு எல்லா கம்ப்யூட்டர்லயும் நான்தான் வார்னிங்க ஆஃப் பண்ணி வெச்சேன். ப்ரோக்ராம் ஓடுது இல்ல, விடுங்கம்மா."

அவர் நோட்டில் ஏதோ எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார். தேதி, நேரம், அதன்கீழே: 'வார்னிங் நிறுத்தப்பட்டது. காரணம்: மாணவர் பயம்.'

"எங்க பிளான்ட்ல அலாரத்த நிறுத்துனா, நிறுத்துனவங்க கையெழுத்து போடணும் சார். அடுத்த ஷிப்டு ஆளு அத்த பாத்துட்டுதான் சீட்ல குந்துவான்."

பேனாவைத் திறந்தேன். போட முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் எல்லாக் கணினிகளிலும் எச்சரிக்கைகளைத் திரும்ப வரவைத்தேன். முதல் எச்சரிக்கை, பல வருடங்களாக மாணவர்களுக்கு நான் கொடுத்துவந்த மாதிரி நிரலுக்கு வந்தது. அவருடைய வரி அதைப் பார்த்து எழுதியதுதான்.

அவர் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பிறகு கேட்கவேயில்லை. அந்த நோட்டில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.