‘இதை எழுதாதீங்க’ என்ற குவார்ட்டர்பேக்

1. கட்டைவிரல்

அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை காலையில் வெஸ் என் அறைக்குள் வந்தபோது அவனுடைய சட்டையில் மேல் பட்டன்கள் மூன்றும் திறந்து கிடந்தன. எப்போதும் இஸ்திரி போட்டது மாதிரி வருகிறவன். கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

“சுமதி, பட்டன் போட முடியல. கட்டைவிரல்ல உணர்ச்சியே இல்ல.”

வெஸ் டெக்சாஸ்காரன். அவன் பேசியது எல்லாம் இங்கிலீஷ். என் மனசில் அது எப்படிப் பதிந்ததோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். ஊர் ஈரோடு. கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, இங்கே மறுபடியும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பல வருஷம் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் ஒரு தொழில்முறை ஃபுட்பால் அணியில் வேலை கிடைத்தது. பிளெய்ன்ஸ்பரோவில் வீடு. அங்கிருந்து பயிற்சி மைதானத்துக்கு ஒரு மணி நேரம் ட்ரைவ் பண்ணிப் போவேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு மோதுகிற ஆட்டம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவு செய்வான். அவன் எறிவதற்கு முன் அவனை வீழ்த்துவதுதான் எதிரணியின் வேலை. வெஸ் எங்கள் அணியின் இரண்டாவது குவார்ட்டர்பேக். வயது இருபத்தொன்பது. காலேஜ் முடித்து அப்போதுதான் வந்த ஒரு பையன் அவன் இடத்துக்குப் போட்டியாக இருந்தான்.

முந்தின நாள் பயிற்சியில் விழுந்தபோது கழுத்திலிருந்து வலது கை வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி இருந்ததாம். சற்று நேரத்தில் போய்விட்டதாம். கைப்பிடியின் பலத்தை அளக்கிற கிரிப் மீட்டரை அவன் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். எறிகிற கை மற்றக் கையைவிடப் பலமாக இருக்க வேண்டும். முள் பாதியிலேயே நின்றது. அவன் தலையைச் சாய்த்து மேலிருந்து லேசாக அழுத்தினேன். வலி விரல் நுனிவரை பாய்ந்து அவன் பல்லைக் கடித்தான்.

“இது கை இல்ல வெஸ், கழுத்து. ஃப்ராங்க் கிட்ட சொல்லணும். எம்ஆர்ஐ எடுக்கணும்.”

ஃப்ராங்க் எங்கள் ஹெட் ட்ரெய்னர், வீரர்களின் காயங்களைக் கவனிக்கிறவர். விளையாடலாமா கூடாதா என்பது அவர் வழியாகத்தான் டாக்டருக்குப் போகும்.

“இதை எழுதாதீங்க,” என்றான். “மாசக் கடைசியில பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. உங்களுக்கே தெரியும். கழுத்துன்னு ஒரு வார்த்தை சார்ட்ல ஏறிச்சுன்னா முதல் பேர் என்னோடதுதான். எங்கம்மா ஹாஸ்பீஸ்ல கடைசி நாளை எண்ணிட்டு இருக்காங்க. சனிக்கிழமை மேட்ச்ல என்னை டிவில பாக்கணும்னே கண்ணை முழிச்சுட்டு இருக்காங்க. ரெண்டு நாள் குடுங்க. சனிக்கிழமை காலைலயும் சரியாகலன்னா நானே போய் சொல்லிடறேன்.”

அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் கெட்டியாக இருந்திருப்பேன். மேசையைப் பார்த்துக்கொண்டு, மரத்துப்போன அந்த விரலை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்த அவன் சார்ட்டை, அவனுடைய மருத்துவக் குறிப்பை, மூடினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் செந்தில் கவனித்துவிட்டார்.

“என்னாச்சு? வேலைல எதாவது ப்ராப்ளமா?”

பேர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

“எழுதிட வேண்டியதுதானே சுமதி. உனக்கென்ன பயம்?”

“எழுதினா அவனுக்கு வேலை போயிடுங்க.”

“எழுதலன்னா?”

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

2. சனிக்கிழமை

மேட்ச் அன்று காலை வெஸ் என்னைத் தேடி வரவில்லை. நான்தான் உடைமாற்றும் அறை வாசலில் அவனைப் பிடித்தேன்.

“எப்படி இருக்கு?”

“சரியாயிடுச்சு,” என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

கிரிப் மீட்டர் என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்து நீட்ட அரை நிமிஷம் ஆகியிருக்காது. நான் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். உண்மை அதுவல்ல. முள் எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்ளப் பயந்தேன்.

ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் அவனை இறக்கினார்கள். முதல் இரண்டு பந்துகளும் நன்றாகவே போயின. மூன்றாவதுக்குக் கையை ஓங்கியபோது பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினான். வெஸ் தலை குனிந்தபடி தரையில் இறங்கினான். அவன் மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அத்தனை பெரிய ஸ்டேடியம் ஒரேயடியாக அடங்கிப்போவதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலே இருங்கள்.

நானும் ஃப்ராங்க்கும் ஓடினோம். ஃப்ராங்க் மண்டியிட்டு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். கால் பக்கம் நான். ஷூவைக் கழற்றி, பாதத்தை அழுத்தி, “வெஸ், விரலை ஆட்டு” என்றேன். ஆடவில்லை. “நான் தொடறது தெரியுதா?”  அவன் மெதுவாகக் கேட்டான்.

“சுமதி, என் கால் நேரா இருக்கா, மடங்கி இருக்கா?”

கால் நேராகத்தான் இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.   “நேரா இருக்கு. அப்படியே படு. அசையாத,” என்று சொன்னது என் குரல்தானா என்றே தெரியவில்லை.

முகத்தின் முன்னாலிருந்த கம்பியைக் கழற்றி, பலகையில் கட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றினோம். நானும் ஏறிக்கொண்டேன். அவன் கண்ணை மூடாமல் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் அவன் இடது பாதத்தை விடவே இல்லை. பழனி முருகனிலிருந்து எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் இடத்தில், வண்டி ஆடியதால்தானோ என்று முதலில் நினைத்தேன். இல்லை. பெருவிரல் என் உள்ளங்கையில் ஒருமுறை அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

“வெஸ், நீயா ஆட்டினே?”

“ஆமா,” என்றான். அப்போதுதான் அவன் அழுதான்.

3. தேதி

கழுத்தில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. விழுந்த அதிர்ச்சியில் தண்டுவடமே சற்று நேரம் செயலிழந்திருக்கிறது. டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் சேர்த்துத் தகடு வைத்தார்கள். நடப்பான் என்றார்கள்.

திங்கட்கிழமை ஃப்ராங்க் என்னைக் கூப்பிட்டார். எதிரே கம்ப்யூட்டரில் வெஸ்ஸின் சார்ட் திறந்திருந்தது.

“வியாழக்கிழமையே விரல் மரத்துப்போச்சுன்னு சர்ஜன்கிட்ட சொல்லியிருக்கான். இங்க ஒண்ணும் இல்ல. உன்கிட்ட வரலையா?”

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. அந்த ஒரு நொடியில் மகளின் காலேஜ், விசா, லைசென்ஸ், ஊரில் அப்பா எல்லாம் கண்முன் வந்து போயின.  

“வந்தான். டெஸ்ட் பண்ணினேன். அவன் எழுத வேணாம்னான். நான் எழுதல.”

ஃப்ராங்க் சார்ட்டை மூடினார். திட்டியிருந்தால் தேவலை.

“போய் எழுது. பாத்தது எல்லாத்தையும் எழுது. இன்னைக்குத் தேதியைப் போடு.”

எழுதினேன். அந்த சீசனோடு என் கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. லைசென்ஸ் போர்டு விசாரித்து எச்சரிக்கையோடு விட்டது. அந்தக் கடிதம் வருகிறவரை தபால் பெட்டியைச் செந்திலைத்தான் திறக்கச் சொல்வேன்.

வெஸ்ஸையும் அணி விட்டுவிட்டது. ஊருக்கு ஃப்ளைட் ஏறலாம் என்று டாக்டர் சொல்வதற்கு நான்கு நாள் முன்னால் அவன் அம்மா இறந்துபோனார். கழுத்துப் பட்டையோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு இறுதிச் சடங்கை ஃபோனில் பார்த்தான். அந்தக் குளிர்காலத்திலேயே அவன் மனைவியும் பிரிந்து போனாள். இனி ஒருமுறை அவன் தரையில் கிடப்பதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றாளாம்.

4. இரண்டு கையும்

மறு வருஷம் செந்திலுக்கு டெக்சாஸில் வேலை மாறியது. ஆலன் என்ற ஊரில் வீடு எடுத்தோம். பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். ஒரு நாள் என்னைத் தேடி வந்து வரவேற்பறையில் வெஸ் உட்கார்ந்திருந்தான். அவன் ஊர் அங்கிருந்து இருபது மைல்தான்.

“உங்க வேலை என்னாலதான் போச்சு,” என்றான்.

“என்னாலதான் போச்சு. உள்ள வா.”

அடுத்த ஏழெட்டு மாதம் வாரம் மூன்று நாள் வந்தான். விரலில் உணர்ச்சி திரும்பியது. பலம் திரும்பியது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று சர்ஜனும் சொன்னார். ஜூன் மாதம் மேற்குக் கரையில் பே ஏரியாவிலிருந்து ஒரு அணி அவனை எறிந்து காட்ட வரச் சொன்னது. செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை கடைசி செஷன்.

கழுத்தைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்கச் சொன்னேன். முகம் சட்டென்று மாறியதைக் கவனித்தேன்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. லேசா கூசுது.”

“எங்க?”

“கைல.”

“எந்தக் கைல?”

அவன் இரண்டு உள்ளங்கையையும் தொடையில் தேய்த்தான்.

“வெஸ், ரெண்டு கைலயுமா?”

தலையை ஆட்டினான். ஒரு கை என்றால் ஒரு நரம்பு. இரண்டு கையும் என்றால் தண்டுவடமே. எங்கள் தொழிலில் இதைவிடப் பயமான பதில் குறைவு. அந்த மைதானத்தின் அமைதி மறுபடி என் காதுக்குள் வந்துவிட்டது.

“எவ்வளவு நாளா?”

“மூணு வாரம்.” அதற்குப் பிறகு, எனக்குத் தெரிந்த அதே குரலில், “சுமதி, இது கடைசி சான்ஸ். வேற யாரும் கூப்பிட மாட்டாங்க,” என்றான்.

கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினேன். அவன் பார்க்கப் பார்க்க டைப் பண்ணினேன். இரண்டு கை, மூன்று வாரம், எல்லாம். அவன் எதிரிலேயே சர்ஜனுக்கு ஃபோன் பண்ணினேன். இரண்டு முறை தப்பான நம்பரை அழுத்தினேன்.

“நீங்களுமா?” என்று கேட்டுவிட்டு எழுந்தான். கதவை அவன் அறைந்த சத்தத்தில் பக்கத்து அறைப் பாட்டி பயந்துபோனார்.

ஆனாலும் ஸ்கேனுக்குப் போயிருக்கிறான். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. தகட்டுக்கு மேலே உள்ள டிஸ்க் தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இனி யாரும் மோதவே கூடாது என்று சர்ஜன் அவனிடம் சொல்லிவிட்டார். அவன் என் ஃபோனை எடுக்கவில்லை. அவனுடைய சம்மதம் இல்லாமல் அந்த அணிக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சட்டம் அப்படி. ஞாயிறும் திங்களும் எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் ஃப்ளைட் ஏறிவிட்டான் என்று அவன் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“அவன் எதையும் காட்டாம கையெழுத்து போட்டுட்டா என்ன பண்றதுங்க?” என்று செந்திலிடம் கேட்டேன்.

“நீ செய்ய வேண்டியதை செஞ்சுட்ட. மிச்சம் அவன் கைல,” என்றார். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஃபோன் வந்தது. பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு கேட்டது.

“எறிஞ்சு காட்டினேன் சுமதி. அறுபது பந்து. ஒண்ணுகூட கீழ விழல. கோச் கைதட்டினார்.”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அப்புறம் அவங்க டாக்டர் ரூமுக்குப் போனேன். ரிப்போர்ட்டை நானே எடுத்து மேசைல வச்சேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது.”

 “ஏன் வச்சே?” என்று மட்டும் கேட்டேன்.

“நீங்க டைப் பண்ணும்போது உங்க கையைப் பாத்துட்டே இருந்தேன். அப்படி நடுங்குச்சு. கால் நேரா இருக்குன்னு நீங்க சொன்ன அன்னைக்கு உங்க முகத்தை நான் பாக்கல, ஹெல்மெட் மறைச்சுது. எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் தெரிஞ்சுது.”

வெஸ் இப்போது ஒரு ஹை ஸ்கூலில் கோச்சாக இருக்கிறான். இரண்டாவது ஆபரேஷனும் ஆயிற்று. சில நாள் காலையில் கை கூசுமாம். அடிபட்டதை மறைக்கிற மாணவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறான் என்று அவன் பள்ளி ட்ரெய்னர் சொன்னார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பயம் வரும். அது வருவதே நல்லது. ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியில் நான் ஒரு மனிதனின் முகம் வாடிவிடுமே என்று பயந்தேன். அவனுடைய கழுத்துக்குப் பயந்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளை நான் திரும்பச் சரிசெய்ய முடியாது. சார்ட்டில் அது தேதியோடு இன்னும் அப்படியே இருக்கிறது.