பூவாயி குரலுக்கு வந்த சேவல்

குவைத்தில், வஃப்ரா தோட்டங்கள் பக்கம் வந்து வேலுச்சாமி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பூவாயி வீட்டுக்காரர் என்று கேளுங்கள், ரோட்டில் போகிறவன்கூட வழி காட்டுவான். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. பெருமைதான்.

நாங்கள் இருவரும் பெரம்பலூர் பக்கம். ஒரே மேடத்திடம்தான் வேலை. ஆனால் அவள் சிட்டி வீட்டுச் சமையலறையில், நான் இங்கே தோட்டத்து டிரைவர். வெள்ளிக்கிழமைதோறும் போனில்தான் எங்கள் குடித்தனம். அப்புறம் மேடத்துக்கு வான்கோழி வளர்க்கும் ஆசை வந்தது. மகராசி நன்றாக இருக்கட்டும். கோழிகளைப் பார்த்துக்கொள்ளப் பூவாயியை இங்கே அனுப்பினார். மோட்டார் ஷெட்டை ஒட்டி ஓர் அறை, ஓர் ஏசி, ஓர் அடுப்பு. எங்களுக்கு அரண்மனை அதுதான்.

போன ஏப்ரலில் அடித்த மணற்புயல் கோழிக்கூண்டின் வலையைக் கிழித்துப்போட்டது. பெட்டைகள் சாயங்காலமே தீவனத்துக்குத் திரும்பிவிட்டன. சேவல் வரவில்லை. வியாழக்கிழமை ராத்திரி வார லீவுக்கு வந்த மேடம் விஷயத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். வேறு சேவல் வாங்கலாமே என்றேன். கோழி வளர்த்ததே போதும் என்றார். சனிக்கிழமை மத்தியானம் தான் சிட்டிக்குக் கிளம்புவதற்குள் சேவல் கூண்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டைகளை யாருக்காவது கொடுத்துவிட்டு, பூவாயியைச் சிட்டிக்கே கூட்டிப்போவாராம். “ஹலாஸ்”, பேச்சு முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பூராவும் துரத்தினோம். பக்கத்தில் பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருக்கும் சதக்கத்துல்லா பாய் கடையைப் பூட்டிவிட்டு, மீன் வலையோடு பிக்கப்பில் வந்தார். அவர் ஹாரன் அடித்தபோதெல்லாம் வேலியோரச் சவுக்கு மரங்களுக்குள்ளிருந்து குளுகுளுவென்று சேவல் பதில் கொடுத்தது. இருக்கிற இடம் தெரிந்துவிட்டது என்று பாய்ந்தோம். அது மரத்துக்கு மரம் தாவி எங்களை நாய் படாத பாடு படுத்தியது. பூவாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். ஆம்பளைங்க வேலை பார்த்தது போதும், நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, தன் துணிமணியைப் பெட்டியில் அடுக்கப் போனாள். அந்தப் பெட்டியை மேடத்தின் காரில் ஏற்றியவன் நான்தான். வாழ்க்கையில் அவ்வளவு கனமான பெட்டியைத் தூக்கியதில்லை.

மறுநாள் விடியும் நேரம். பூவாயி கறுப்பு அபாயா அங்கி ஒன்றை மேலே போர்த்திக்கொண்டு, சவுக்கு வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்து, “கியோக், கியோக், கியோக்” என்றாள். பங்குனி, சித்திரையில் பெட்டை வான்கோழி சேவலைக் கூப்பிடும் குரல். கூட இருந்து கேட்டே பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தால் நானே ஏமாந்திருப்பேன். மரத்திலிருந்து சேவல் உடனே பதில் சொன்னது. தொப்பென்று கீழே குதித்த சத்தமும் கேட்டது. அவ்வளவுதான், பூவாயி வாயை மூடிக்கொண்டாள்.

சேவல் திரும்பத் திரும்பக் கத்துகிறது, இவள் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிடு புள்ள, போயிடப் போவுது என்று அவள் முழங்கையை இடித்தேன். தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அது நின்ன எடத்துலயே மினுக்கிக்கிட்டு நிக்கும்” என்று காதோரம் கிசுகிசுத்தாள். “நான் பேசாம இருந்தா நீங்க தேடிக்கிட்டு வர்றதில்ல? அது மாதிரிதான்.”

அவள் சொன்னது நிஜம், நான் என்ன செய்ய!

வெயில் ஏறியது. சேவல் சத்தமும் நின்றது. போச்சு என்றே நினைத்தேன். காரிலிருக்கும் பெட்டிதான் கண்முன் வந்தது. அப்போது சருகு நொறுங்கியது. தலை நீலம், கழுத்து சிவப்பு, தோகையை விசிறியாக விரித்துக்கொண்டு, மணலில் இறக்கையை இழுத்தபடி ராஜா மாதிரி வந்தது சேவல். பூவாயி மெதுவாக எழுந்தாள். வாய்க்குள்ளேயே லேசாகக் குரல் கொடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். சேவல் அவள் பின்னாலேயே போனது. வராந்தாவில் மேடம் சாயாக் கோப்பையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். சதக்கத்துல்லா பாய் மீன் வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கிழிந்த வலையைத் தைத்துவைத்திருந்த கூண்டுக்குள் பூவாயி நுழைந்தாள், சேவலும் நுழைந்தது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

கூப்பிட்டது யார் என்று மேடம் கேட்டார். அவள் பேசுவதற்கு முன்னால் நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னேன்: “என் பொண்டாட்டி மேடம்.”

மேடம் சிரித்துக்கொண்டே தன் சிட்டி டிரைவரிடம் கார் டிக்கியைத் திறக்கச் சொன்னார். பெட்டியை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று தோட்டத்தையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் எங்கள் அறைக்குப் போனேன். அந்தச் சேவல் நடந்த மாதிரியேதான் நானும் அன்றைக்கு நடந்தேனாம். பூவாயி இன்னமும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.